நிரந்தர வேலையா, பதின்மூன்று கிழமை ஒப்பந்தமா? சிகிச்சைத் துறையில் எமது பிள்ளைகளின் பணிச்சோர்வு

பிள்ளை பிசியோதெரபி படித்து முடித்து, உரிமப் பரீட்சையில் சித்தியடைந்து, நிரந்தர வேலையும் எடுத்துவிட்டது என்பது எமது வீடுகளில் சாதாரண செய்தியல்ல. பெற்றோரின் எத்தனையோ வருட இரவு வேலையும், இரண்டாவது வேலையும், சீட்டுப் பணமும் சேர்ந்து வந்தடைந்த இடம் அது. "இனிப் பயமில்லை" என்று அவர்கள் ஆறுதலடைகிறார்கள். இரண்டு மூன்று வருடங்களில் அதே பிள்ளை தொலைபேசி எடுத்து, "அம்மா, நான் இந்த வேலைய விடப்போறன். மூன்று மாச ஒப்பந்தத்தில வேற மாநிலத்துக்குப் போகப்போறன்" என்று சொல்லும்போது வீடு கலங்கிப் போகிறது.

"அங்க என்ன குறை? சம்பளம் காணாதோ? ஊர் ஊராய்த் திரியிறதெல்லாம் ஒரு வேலையோ?"

இந்தக் கேள்விகளில் அன்பும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. ஆனால் பிள்ளை ஏன் இந்த முடிவுக்கு வந்தது என்ற விளக்கம் இல்லை. அமெரிக்காவில் பிசியோதெரபி, தொழில்வழிச் சிகிச்சை, பேச்சு மொழிச் சிகிச்சை ஆகிய மூன்று துறைகளிலும் குறுங்கால ஒப்பந்த வேலை இன்று ஒரு வழமையான பாதை. அந்தப் பாதை பணிச்சோர்விலிருந்து எமது பிள்ளைகளைக் காக்குமா, காக்குமென்றால் எந்த அளவுக்கு, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை இங்கே பார்க்க விரும்புகிறோம்.

பணிச்சோர்வு என்பது சோம்பல் அல்ல

ஆங்கிலத்தில் 'பேர்ன் அவுட்' என்று சொல்லப்படும் இந்த நிலையைப் பற்றி 1974இல் முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் நியூயோர்க் உளவியலாளர் ஹேர்பேர்ட் பிராய்டென்பேர்கர். இலவச மருத்துவ நிலையங்களில் தொண்டாற்றியவர்கள், முதலில் மிகுந்த ஆர்வத்தோடு வந்தவர்கள், சில மாதங்களில் உள்ளே வெந்து வெறுமையாவதை அவர் கண்டார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகிய இருவரும் இதை அளப்பதற்கான வினாக்கொத்தை 1981இல் வெளியிட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் தனது பதினோராவது நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. வேலையோடு தொடர்புடைய ஒரு நிலை என்றே சேர்த்திருக்கிறது. அது சொல்லும் அடையாளங்கள் மூன்று. முதலாவது, சக்தி வற்றிப்போதல். இரண்டாவது, வேலையிலிருந்து மனம் விலகி, கசப்போடு பார்க்கத் தொடங்குதல். மூன்றாவது, தான் செய்யும் வேலையால் ஒரு பயனுமில்லை என்ற எண்ணம். வேலையிடத்தில் நீண்டகாலம் இருந்துவரும், சரிவரக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு இது என்று அந்த வரையறை சொல்கிறது.

'வேலையிடத்தில்' என்ற சொல் முக்கியமானது. எமது வீடுகளில் இதைப் பிள்ளையின் குணமாகவே பார்க்கிறோம். "நாங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டம், இதுகளுக்குத் தாங்கிற சக்தி இல்லை" என்கிறோம். ஒரே வேலைத்தலத்தில் அடுத்தடுத்து வருகிற ஆட்களெல்லாம் சோர்ந்து விலகுகிறார்கள் என்றால், பார்க்க வேண்டியது அந்த இடத்தையே.

நிமிடக் கணக்கில் ஓடும் நாள்

அமெரிக்காவில் முதியோருக்கான மருத்துவத் தாதியர் இல்லங்களில் வேலை செய்யும் ஒரு சிகிச்சையாளரின் நாளை எடுத்துக்கொள்வோம். பல நிறுவனங்கள் 'உற்பத்தித்திறன்' என்று ஒரு சதவீதத்தை எதிர்பார்க்கின்றன. அது 90 என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேர வேலையான 480 நிமிடங்களில் 432 நிமிடங்கள் கட்டணம் கோரக்கூடிய சிகிச்சையாக இருக்க வேண்டும். மிஞ்சுவது 48 நிமிடங்கள். நோயாளியின் அறைக்கு நடந்து போவது, தாதியோடு கதைப்பது, கலங்கி நிற்கும் மகளுக்கு அப்பாவின் நிலையை விளக்குவது, பதிவுகள் எழுதுவது, மலசலகூடம் போவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காதபோது பதிவுகள் வீட்டுக்கு வருகின்றன. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மடிக்கணினியைத் திறந்து, கூலியில்லாமல் எழுதும் பிள்ளைகளை எம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

இதற்குப் பின்னால் பணம் செலுத்தும் முறை இருக்கிறது. 2019 ஒக்டோபர் வரை, இந்த இல்லங்களுக்கு மெடிகெயார் காப்புறுதி கொடுத்த பணத்தைப் பெருமளவில் தீர்மானித்தது சிகிச்சை நிமிடங்கள்தான். கிழமைக்கு 720 நிமிடங்களை எட்டினால் மிக உயர்ந்த படி. அதனால் நிமிடங்களைக் கூட்டு என்ற நெருக்குதல் இருந்தது. 2019 ஒக்டோபர் முதலாம் திகதி அந்த முறை மாறி, நோயாளியின் உடல்நிலையை அடிப்படையாகக் கொண்டு பணம் கொடுக்கும் முறை வந்தது. நிமிடத்துக்குப் பணம் இல்லை என்றானதும் பல நிறுவனங்கள் சிகிச்சையாளரைக் குறைத்தன. எஞ்சியவர்கள் கூடுதலான இடங்களையும் நோயாளிகளையும் பார்க்க வேண்டியதாயிற்று. மெடிகெயாரின் வெளிநோயாளர் பகுதியிலோ, உதவிச் சிகிச்சையாளர் வழங்கும் சேவைக்கு 2022 ஜனவரி முதல் வழமையான தொகையில் 85 சதவீதமே கொடுக்கப்படுகிறது. கணக்கு எந்தப் பக்கம் மாறினாலும் அதன் பாரம் கட்டிலருகில் நிற்பவரின் தோளில்தான் இறங்குகிறது.

இதன் மேல் கல்விக்கடன். அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்ட் ஆவதற்கு இன்று முனைவர் தரத் தொழிற்பட்டம் தேவை. பலருடைய கடன் ஒரு இலட்சம் டொலரைத் தாண்டுகிறது. சோர்ந்தாலும் வேலையை விடமுடியாது, விடாவிட்டாலும் தாங்கமுடியாது என்ற முடக்கு நிலை இங்கேதான் உருவாகிறது. வேலை கடினம் என்பது ஒன்று. அதிலிருந்து வெளியேற வழியே இல்லை என்ற உணர்வு இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் ஆளை அரிக்கிறது.

பதின்மூன்று கிழமை ஒப்பந்தம் எப்படி நடக்கிறது

ஒரு வைத்தியசாலையில் ஒருவர் பிரசவ விடுப்பில் போகிறார். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1993 முதல், தகுதியுள்ள ஊழியருக்கு 12 கிழமை சம்பளமற்ற விடுப்பை உறுதி செய்கிறது. அல்லது ஒரு கிராமப்புற நிலையத்தில் வெற்றிடம் நிரம்பாமல் கிடக்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப முகவர் நிறுவனம் ஒருவரை அனுப்புகிறது. வழமையான காலம் 13 கிழமை. முகவர் நிறுவனம்தான் சட்டப்படி வேலைகொள்வோர். மணிக்கூலியை அதுவே கொடுக்கிறது. சொந்த இடத்தை விட்டுத் தூரத்தில் தங்குபவருக்கு வீட்டுச் செலவும் உணவுச் செலவும் தனியாக வருகின்றன. ஒப்பந்தம் முடிந்ததும் நீட்டலாம், வேறு ஊருக்குப் போகலாம், அல்லது வேலை எடுக்காமல் இருக்கலாம். பாடசாலைகளில் பேச்சுச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒப்பந்தம் பெரும்பாலும் கல்வியாண்டோடு ஓடும்.

மாநிலத்துக்கு மாநிலம் உரிமம் வேறு என்பது முன்னர் பெரிய தடையாக இருந்தது. பிசியோதெரபிக்கான மாநிலங்களுக்கிடையிலான உடன்படிக்கை 2018இல் நடைமுறைக்கு வந்தபின் அது கொஞ்சம் இளகியிருக்கிறது. 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியிருக்கின்றன. உறுப்பு மாநிலம் ஒன்றில் வசித்து, அங்கே உரிமம் வைத்திருப்பவர், இன்னோர் உறுப்பு மாநிலத்தில் வேலை செய்யும் அனுமதியை விரைவாகப் பெறலாம்.

இப்போது ஒரு எளிய கணக்கு. ஒரு வருடம் 52 கிழமை. 13 கிழமை வீதம் நான்கு பகுதி. மூன்று பகுதி வேலை செய்து ஒரு பகுதி ஓய்வெடுத்தால், வருடத்தில் 39 கிழமை வேலை, 13 கிழமை இடைவெளி. நிரந்தர வேலையில் இரண்டு மூன்று கிழமை விடுமுறையையே தயங்கித் தயங்கிக் கேட்கும் ஒருவருக்கு, மூன்று மாத இடைவெளி என்பது நினைத்தும் பார்க்காத ஒன்று.

எதை மாற்றுகிறது, எதை மாற்றாது

மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் பணிச்சோர்வு உருவாகும் இடங்களாக ஆறைச் சொல்கிறார்கள்: வேலைப் பளு, தன் வேலையின் மேல் தனக்குள்ள கட்டுப்பாடு, கிடைக்கும் பலன், கூட இருப்போரின் உறவு, நியாயம், மதிப்பீடுகள். குறுங்கால ஒப்பந்தத்தை இந்த ஆறிலும் வைத்துப் பார்த்தால் உண்மை துலங்கும்.

வேலைப் பளு பெரும்பாலும் குறையாது. ஆளில்லாமல் திணறும் இடம்தான் ஒப்பந்த ஊழியரைத் தேடுகிறது. முதல் கிழமையிலேயே முழுப் பட்டியலையும் கையில் கொடுத்துவிடுவார்கள்.

கட்டுப்பாடு நிச்சயம் கூடுகிறது. எமது பார்வையில் இந்த ஒப்பந்தங்களின் உண்மையான பலன் இங்கேதான் இருக்கிறது. முடிவுத் திகதி தெரிந்த பாரத்தைச் சுமப்பது வேறு, முடிவே தெரியாத பாரத்தைச் சுமப்பது வேறு. "இன்னும் ஆறு கிழமைதான்" என்று சொல்லக்கூடிய மனம் அதே வேலையை வேறு விதமாகத் தாங்குகிறது. முகாமையாளர் கடுமையானவர் என்றால் அடுத்த முறை நீட்டாமல் விடலாம். முதியோர் இல்லம் சரிவரவில்லை என்றால் அடுத்ததாக வெளிநோயாளர் நிலையத்தைப் பார்க்கலாம். ஐந்து வருடம் ஒரே இடத்தில் இருந்து 'இந்தத் தொழிலே எனக்கு ஒத்துவராது' என்று முடிவெடுக்க இருந்தவர், தனக்கு ஒத்துவராதது அந்த இடம்தான் என்று கண்டுகொள்ள இது வழி திறக்கிறது.

பலன், அதாவது வருமானம், பல சமயம் கூடுகிறது. கடன் விரைவாகக் குறைவதே ஒரு பெரிய மருந்து.

நியாயம் என்ற இடத்தில் ஒரு சிறிய நன்மை உண்டு. அலுவலக அரசியல், பதவி உயர்வுப் போட்டி, முடிவில்லாக் கூட்டங்கள் ஆகியவற்றிலிருந்து ஒப்பந்தக்காரர் விலகி நிற்கிறார். ஆனால் முறைப்பாடு செய்யவும், கொள்கையை மாற்றவும் அவருக்குக் குரல் இல்லை. மதிப்பீடுகளின் நிலையும் இதுவே. நோயாளிக்குத் தேவையான நேரத்தைக் கொடுக்க விடாத முறை, ஊர் மாறினாலும் மாறாமல் எதிரே வந்து நிற்கும்.

உறவு என்ற இடத்தில் இழப்பே அதிகம். புதிய ஊரில், தளபாடத்தோடு வாடகைக்கு எடுத்த அறையில், மாலை ஐந்தரைக்குப் பிறகு பேச ஆளில்லாத தனிமை சிறிய விடயமல்ல. கூட வேலை செய்பவர்கள் நல்லவர்களாக இருந்தாலும், பழகி முடிக்கும்போது பிரிய வேண்டும். புதிதாகப் பட்டம் பெற்றவருக்கு இன்னுமொரு இழப்பு. பக்கத்தில் நின்று பழக்கிவிடும் மூத்தவர் இல்லாமல், கடினமான நோயாளிகளைத் தனியே பார்க்க வேண்டியிருக்கும். அனுபவம் குறைந்தவருக்கு அதுவே புதிய அழுத்தம். ஓரிரு வருடம் நல்ல வழிகாட்டல் உள்ள இடத்தில் நின்று கைபழகிய பின் போவது பாதுகாப்பானது.

ஆக, ஆறில் ஒன்றிரண்டைத்தான் ஒப்பந்தம் நிச்சயமாகச் சீர்செய்கிறது. அந்த ஒன்றிரண்டுதான் உங்கள் பிள்ளையை உடைத்துக்கொண்டிருக்கிறது என்றால், அது பெரிய உதவி. நோயாளியின் வலியைப் பார்ப்பதே தாங்க முடியாமல் இருக்கிறது, நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்வதில் விருப்பமில்லை என்றால் அது ஒப்பந்தத்தால் தீரும் விடயமல்ல. அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும், அதுவும் தாமதிக்காமல்.

இடைவெளியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விடுமுறையின் பலன், வேலைக்குத் திரும்பிய சில கிழமைகளிலேயே கரைந்துவிடுகிறது என்று ஆய்வுகள் பொதுவாகக் காட்டுகின்றன. ஓய்வு ஒருமுறை குடித்துத் தீர்க்கும் மருந்தல்ல, திரும்பத் திரும்ப வர வேண்டும். நான்கு ஒப்பந்தத்தையும் இடைவெளி விடாமல் தொடுத்து, அதிக பணம் தரும் ஊராகத் தேடித்தேடி ஓடுபவர், நிரந்தர வேலையில் இருந்ததைவிட விரைவாகவே சோர்ந்துபோகலாம்.

கையில் வரும் பணமும் கண்ணுக்குத் தெரியாத செலவும்

ஒப்பந்தச் சம்பளத்தைக் கேட்டதும் வீட்டில் கண் விரியும். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வீட்டுச் செலவுக்கும் உணவுக்கும் வரும் பணத்துக்கு வரியில்லை என்று முகவர்கள் சொல்வார்கள். அது எல்லோருக்கும் பொருந்தாது. அமெரிக்க வரித் திணைக்களத்தின் பார்வையில், அவருக்கு 'வரிக்குரிய இருப்பிடம்' என்று ஒரு உண்மையான இடம் இருக்க வேண்டும். அந்த இடத்துக்கும் செலவு செய்து, வேலை செய்யும் ஊரிலும் செலவு செய்ய வேண்டும். எமது பிள்ளைகளில் பலர் பெற்றோரின் வீட்டு முகவரியைக் கொடுக்கிறார்கள். கடிதம் வரும் முகவரி மட்டும் போதாது. அந்த வீட்டுக்கு உண்மையாக வாடகையோ செலவுப் பங்கோ கொடுத்திருக்க வேண்டும், அங்கே வந்துபோக வேண்டும். "பெற்ற பிள்ளையிடம் வாடகை வாங்கிறதோ?" என்ற எமது பண்பாடு அழகானதுதான். ஆனால் வரிக் கணக்கில் அது பிள்ளைக்கே வினையாக வரலாம். ஒரே பகுதியில் ஒரு வருடத்துக்கு மேல் வேலை தொடரும் என்று எதிர்பார்க்கப்பட்டாலும் அது தற்காலிக வேலை என்ற வரையறையிலிருந்து வெளியேறிவிடும். முதல் ஒப்பந்தத்துக்கு முன்பே இந்தத் துறை தெரிந்த கணக்காளர் ஒருவரிடம் கேட்பது நல்லது.

வரியில்லாப் பணம் சமூகப் பாதுகாப்புக் கணக்கிலும் சேராது. வீட்டுக்கடன் கேட்கும்போது வங்கி பார்க்கும் வருமானமும் அதனால் சிறிதாகத் தெரியலாம். அடுத்த வருடம் வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் இதைக் கவனிக்க வேண்டும்.

மருத்துவக் காப்புறுதி முகவர் நிறுவனத்தோடு வருகிறது. ஒப்பந்தம் முடிந்தால் அதுவும் முடியலாம். ஆக, நாம் மேலே சொன்ன அந்த 13 கிழமை ஓய்வுக்கும் ஒரு காப்புறுதி தேவை. பழைய காப்புறுதியை முழுக்கட்டணத்தையும் தானே செலுத்தித் தொடரும் உரிமையைப் பெரும்பாலானோருக்குச் சட்டம் தருகிறது. அல்லது மாநிலச் சந்தை வழியாகத் தனியாக எடுக்கலாம். இரண்டுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

ஒப்பந்தம் இடையில் ரத்தாவதும் நடக்கிறது. நோயாளிகள் குறைந்தால் இரண்டு கிழமை அல்லது ஒரு மாத அறிவித்தலோடு நிறுத்தும் விதி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. மூன்று மாத வாடகையை முன்கூட்டியே கட்டியவரின் நிலை என்ன? கிழமைக்கு எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் உறுதி என்று எழுத்தில் இருக்கிறதா என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன் பார்க்க வேண்டும்.

விசாவோடு இருப்பவர்களும் வேறு நாடுகளில் இருப்பவர்களும்

இந்தச் சுதந்திரம் எல்லோருக்கும் ஒரே மாதிரித் திறந்திருக்கவில்லை. எச்-1பி விசாவில் இருப்பவர் ஒரு வேலைகொள்வோரோடு கட்டப்பட்டவர். வேலை செய்யும் நகரம் மாறினால் பொதுவாக விண்ணப்பத்தையும் திருத்த வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊர் மாறுவது அவருக்கு நடைமுறையில் மிகக் கடினம். வேலை இல்லாத இடைவெளி அவருக்கு ஓய்வாகாது, ஆபத்தாகவே அமையும்.

கனேடியக் குடியுரிமை உள்ள பிசியோதெரபிஸ்டும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் வட அமெரிக்க வணிக ஒப்பந்தத்தின் கீழுள்ள டி.என். அனுமதியில் அமெரிக்காவுக்குப் போகலாம். இரண்டு தொழில்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எனினும் அமெரிக்க உரிமப் பரீட்சை, மாநில உரிமம், சுகாதார ஊழியருக்கான சான்றிதழ் எல்லாம் வேண்டும். ரொறன்ரோவிலிருந்து அடுத்த மாதமே கிளம்பிவிடலாம் என்று நினைப்பது சரியல்ல. பல மாதத் தயாரிப்பு தேவை.

பிரித்தானியாவில் இதையே 'லோக்கம்' வேலை என்கிறார்கள். அங்கே தேசிய சுகாதார சேவை முகவர் ஊழியருக்குக் கொடுக்கும் கட்டணத்துக்கு 2015 நவம்பரிலிருந்து இங்கிலாந்தில் உச்சவரம்பு இருக்கிறது. பொதுத்துறையில் சொந்தக் கம்பனி வழியாக வேலை செய்வோரின் வரி விதிகளும் 2017 ஏப்ரலில் இறுகின. கியூபெக் மாகாணம் இன்னும் ஒருபடி மேலே போய், பொதுச் சுகாதாரத் துறையில் தனியார் முகவர் நிறுவனங்களின் பயன்பாட்டைப் படிப்படியாக நிறுத்துவதற்கான சட்டத்தை 2023இல் நிறைவேற்றியது.

அரசுகள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பதையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். முகவருக்குப் போகும் பணம் நிரந்தர ஊழியரின் சம்பளத்துக்குப் போகாத பணம். பக்கத்தில் நிற்பவர் அதே வேலைக்குக் கூடுதலாக வாங்குகிறார் என்று தெரியும்போது நிரந்தர ஊழியரும் விலகுகிறார். நோயாளியின் பக்கத்திலிருந்தும் யோசிப்போம். பக்கவாதத்துக்குப் பின் பேச்சை மீட்கப் போராடும் எமது ஐயாவுக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது முகம் வருவது நல்லதல்ல. தமிழைத் தவிர வேறு மொழி வராத அம்மம்மா, ஒருவரோடு பழகி நம்பிக்கை வைக்கவே மூன்று மாதம் எடுக்கும். ஒப்பந்தம் ஊழியரைக் காக்கும்போது அதன் விலையில் ஒரு பங்கை நோயாளியும் கொடுக்கிறார். ஆனால் சோர்ந்து தொழிலையே விட்டுப்போன சிகிச்சையாளரால் எந்த நோயாளிக்கும் பயனில்லை என்பதும் அதே அளவு உண்மை.

பெட்டியும் நாமும்

இனி எமது வீடுகளுக்கு வருவோம். 'நிரந்தரம்' என்ற சொல் எமக்கு வெறும் வேலை வகை அல்ல. வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்துகொண்டு வெளிக்கிட்டவர்கள் நாம். அந்தத் திறப்புக்குப் பிறகு கதவே கிடைக்கவில்லை. முகாம், இன்னொரு முகாம், கொழும்பில் ஓர் அறை, பிறகு பெயர் தெரியாத ஒரு விமான நிலையம் என்று பெட்டியோடு அலைந்தவர்களுக்கு, பிள்ளை தானாகப் பெட்டி கட்டுகிறது என்பதைக் கேட்கவே நெஞ்சு பதறும். அந்தப் பதற்றத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் எமது பெட்டியும் பிள்ளையின் பெட்டியும் ஒன்றல்ல. எமக்குப் போகும் திகதியையும் இடத்தையும் வேறு யாரோ தீர்மானித்தார்கள், திரும்பும் திகதி யாருக்கும் தெரியாது. பிள்ளைக்கு இரண்டு திகதியும் கையில் இருக்கிறது. இடத்தை அதுவே தெரிவு செய்கிறது. திரும்பி வர ஒரு வீடும் இருக்கிறது. பணிச்சோர்வுக்கு எதிராக இந்த ஒப்பந்தங்கள் வேலை செய்கின்றன என்றால், அந்தத் தெரிவுதான் அதற்குக் காரணம்.

நாம் செய்யக்கூடிய ஒரு தீங்கும் இருக்கிறது. பிள்ளை ஒப்பந்தம் முடிந்து ஒரு மாதம் வீட்டில் இருந்தால், "வேலை இல்லையோ?" என்று உறவினர் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து நாமே அடுத்த வேலைக்குத் தள்ளுகிறோம். அல்லது வீட்டில் நிற்கிறதுதானே என்று அம்மாவின் மருத்துவச் சந்திப்பு, மாமாவின் விண்ணப்பப் படிவம், பெரியம்மாவின் முழங்கால் வலி எல்லாவற்றையும் அதன் தலையில் ஏற்றுகிறோம். சிகிச்சையாளருக்கு வீட்டிலும் நோயாளிகள் என்றால் ஓய்வு எங்கே?

திருமணப் பேச்சுகளிலும் இது தடையாக வருகிறது. "பெடியன் ஒரு இடத்தில நிற்கிறானில்லை", "பெட்டை தனிய வேற மாநிலத்தில நிற்குது" என்ற கதை எமது மண்டபங்களில் விரைவாகப் பரவும். சொல்பவர்களுக்கு அது ஒரு நிமிடப் பேச்சு. பிள்ளைக்கு அது இன்னொரு பாரம்.

முடிவெடுப்பதற்கு முன்

பிள்ளை இந்தப் பேச்சை எடுக்கும்போது "வேண்டாம்" என்பதற்கும் "உன்ர விருப்பம்" என்று கைகழுவுவதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. கூட இருந்து சில கேள்விகளைக் கேட்பதுதான் அந்த வழி.

உன்னைச் சோர வைப்பது இந்த இடமா, இந்தத் தொழிலா? இடமென்றால் ஒப்பந்தம் உதவும். தொழிலென்றால் வேறு விதமாக யோசிப்போம்.

மூன்று மாதச் செலவுக்கான பணம் ஒதுக்கி வைத்திருக்கிறாயா? ஒப்பந்தம் ரத்தானால் அதுதான் நிற்கும்.

இடைவெளியை இப்போதே நாட்காட்டியில் குறித்திருக்கிறாயா? குறிக்காத ஓய்வு வராது.

அங்கே மூத்தவர் யாராவது கூட இருப்பார்களா? உற்பத்தித்திறன் எத்தனை சதவீதம் கேட்கிறார்கள்? ஏன் அந்த இடத்தில் ஆளில்லை? ஒருவர் பிரசவ விடுப்பில் போன இடமும், ஒரே வருடத்தில் நான்குபேர் விட்டுப்போன இடமும் ஒன்றல்ல.

அந்த ஊரில் எமக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா? புலம்பெயர் வாழ்வு எமக்குத் தந்த ஒரே சொத்து, எந்த நகரத்திலும் யாரோ ஒருவரின் மச்சான் இருப்பதுதான். அதைத் தனிமைக்கு மருந்தாகப் பயன்படுத்தலாம், வேவு பார்ப்பதற்கு வேண்டாம்.

இறுதியாக ஒன்று. குறுங்கால ஒப்பந்தம் தனிமனிதருக்கான ஒரு வாசல். அது அந்த வேலைத்தலத்தைத் திருத்தாது. நிமிடத்துக்கு நிமிடம் கணக்குக் கேட்கும் முறை, பிள்ளை போன பிறகும் அங்கே நிற்பவரை அரித்துக்கொண்டுதான் இருக்கும். தொழிற்சங்கம், தொழில்சார் அமைப்பு, சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் என்ற நீண்ட வேலையும் யாராவது செய்தாக வேண்டும். மூன்று மாதம் மூச்சு விட்டுத் திரும்பி வந்த ஒருவருக்கு அதற்கான தெம்பு இருக்கலாம். உடைந்துபோனவருக்கு இராது.

அதனால் அடுத்த முறை அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தால், "அங்க என்ன குறை?" என்ற கேள்வியைக் கொஞ்சம் வேறு குரலில் கேட்டுப் பார்ப்போம். குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் பிள்ளை வாயை மூடிவிடும். உண்மையாகவே அறிய விரும்பும் குரலில் கேட்டால், இரண்டு வருடமாகச் சொல்லாத கதையைச் சொல்லத் தொடங்கும். அந்தக் கதையைக் கேட்ட பிறகு பெட்டி கட்டுவதா, இல்லையா என்பதைச் சேர்ந்தே யோசிக்கலாம்.